காளான் சர்க்கரையும் வெள்ளையணுக்களும்: ஓர் ஆய்வு வரலாறு

காளானின் அணுச்சுவரை ஆக்கும் பொருள்களுள் முதன்மையானது பீட்டா-குளூக்கான் எனப்படும் பன்சர்க்கரையாகும். குளூக்கோஸ் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டும், அச்சங்கிலியிலிருந்து சிறு கிளைகள் பிரிந்தும் அமைந்த இப்பொருள் ஈஸ்டு முதலிய பிற பூஞ்சைகளிலும் உண்டு. மனித உடல் இதை உற்பத்தி செய்வதுமில்லை, இதைச் செரிக்கும் நொதியைப் பெற்றிருப்பதுமில்லை. பூஞ்சையிலிருந்தே கிடைத்த பெனிசிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அதை அழிக்கிறது. குளூக்கானோ பாக்டீரியாவோடு நேரடியாக மோதாமல், அதை எதிர்க்கும் வெள்ளையணுக்களைத் தூண்டுகிறது. இத்தூண்டல் எவ்வாறு நிகழ்கிறது என்பது விளங்குவதற்கு முன்பே குளூக்கான் மருந்தாகிவிட்டது என்பதே இதன் வரலாற்றில் குறிப்பிடத்தக்க செய்தி.

இவ்வரலாற்றின் தொடக்கம் காளானில் அன்று, ஈஸ்டில் அமைந்தது. 1940-களிலும் 1950-களிலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் லூயி பில்லெமர் என்ற ஆய்வாளர், ஈஸ்டின் அணுச்சுவரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சைமோசன் என்னும் பொருளைக் கொண்டு, பாக்டீரியாவை அழிக்கத் துணைபுரியும் இரத்தப் புரதங்களை ஆராய்ந்தார். சைமோசனைச் செலுத்தினால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ்கள், அதாவது கிருமிகளையும் கழிவுகளையும் விழுங்கும் பெரிய வெள்ளையணுக்கள், மிகுந்த செயலூக்கம் பெறுவதைப் பிறர் கண்டனர். பல பொருள்களின் கலவையான சைமோசனில் இவ்விளைவுக்குக் காரணமானது குளூக்கானே என்பதை 1961-இல் நிக்கோலஸ் டிலூசியோவும் அவருடைய சக ஆய்வாளரும் நிறுவினர்.

காளானை இவ்வாராய்ச்சிக்குள் கொண்டுவந்தது ஜப்பான். அங்கு உணவாகவும் மருந்தாகவும் நெடுங்காலம் வழங்கிவந்த ஷீட்டாக்கே காளானிலிருந்து லெண்டினன் என்ற குளூக்கானைப் பிரித்தெடுத்த கோரோ சிஹாராவும் அவருடைய குழுவினரும், அது சுண்டெலிகளுக்குப் பதியம் செய்யப்பட்ட புற்றுக்கட்டிகளை ஒடுக்குவதாக 1969-இல் அறிவித்தனர். நோயெதிர்ப்பு அணுக்களின் ஒரு வகையான டி-அணுக்கள் முதிர்வதற்கு இன்றியமையாத தைமஸ் சுரப்பி, பிறந்தவுடனேயே நீக்கப்பட்ட எலிகளில் இப்பலன் கிட்டவில்லை என்று 1971-இல் தெரியவந்தது. ஆகவே மருந்து கட்டியைத் தாக்கவில்லை, உடலின் எதிர்ப்பாற்றல் வழியாகவே வேலைசெய்தது என்ற முடிவு உறுதிப்பட்டது. வேறொரு காளானிலிருந்து பெறப்பட்ட கிரெஸ்டின் 1977-இலும், ஊசி வழியாகச் செலுத்தப்படும் லெண்டினன் 1985-இலும் ஜப்பானில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணைமருந்துகளாக அனுமதி பெற்றன.

பாக்டீரியாவை எதிர்ப்பதில் குளூக்கானின் பங்கு இதே காலத்தில்தான் தெளிவுபட்டது. சீழ்ப்புண்ணையும் இரத்த நச்சேற்றத்தையும் உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைச் செலுத்துவதற்கு முன்பு குளூக்கான் கொடுக்கப்பட்ட எலிகள் மிகுதியாக உயிர்பிழைத்ததை டிலூசியோவின் குழு 1978-இல் வெளியிட்டது. ஆயினும் எலிகளில் கண்ட பலன் மனிதரிடம் எளிதில் கைகூடவில்லை. வயிற்று அறுவைக்கு உட்பட்ட 1,200-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஈஸ்டின் குளூக்கானைச் சோதித்து 1999-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், மருந்து பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே தொற்றிலோ இறப்பிலோ ஒட்டுமொத்தமாக வேறுபாடு காணப்படவில்லை.

சோதனைக்கூட முடிவுகளிலும் ஒரு சிக்கல் இருந்தது. பல பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு மிகச் சிறிய அளவிலேயே மேக்ரோஃபேஜ்களைக் கிளறிவிடக்கூடியது. காளான் சாற்றில் அது கலந்திருந்தால், பாக்டீரியாவின் விளைவே காளானின் விளைவாகத் தோன்றிவிடும். இந்த ஐயத்தைத் தாண்டுவதற்குக் குளூக்கானை மட்டும் அடையாளம் காணும் ஏற்பி, அதாவது அணுவின் மேற்பரப்பில் குறிப்பிட்ட பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம், தேவைப்பட்டது. டெக்டின்-1 என்ற புரதம் அத்தகைய ஏற்பியே என்பதை 2001-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கோர்டன் பிரவுனும் சயமன் கோர்டனும் காட்டினர். கரைந்த நிலையிலுள்ள குளூக்கான் இந்த ஏற்பியில் ஒட்டினாலும் அணுவைத் தூண்டுவதில்லை, துகளாக இருக்கும்போதே தூண்டுகிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு விளக்கியது. எனவே ஒரே காளானின் சாறு, தயாரிப்பு முறைக்கேற்ப வெவ்வேறு விளைவைத் தரக்கூடும் என்பதற்கு ஒரு காரணம் புலப்பட்டது.

அதே ஆண்டில் நெதர்லாந்தின் மிஹாய் நெட்டேயாவும் அவருடைய குழுவினரும் பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல் என்ற கருத்தை முன்வைத்தனர். பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பு அணுக்களுக்கு நினைவில்லை என்ற பழைய கொள்கைக்கு மாறாக, குளூக்கானை ஒருமுறை எதிர்கொண்ட மோனோசைட் என்னும் வெள்ளையணுக்கள் தம் மரபணுக்கள் இயங்கும் முறையையும் சர்க்கரையைப் பயன்படுத்தும் முறையையும் மாற்றிக்கொண்டு, பின்னர் வரும் வேறு கிருமியிடம் வலுவாக எதிர்வினை காட்டுகின்றன என்பதே அக்கருத்து. முன்கூட்டிக் குளூக்கான் பெற்ற எலிகள் ஸ்டஃபிலோகாக்கஸ் தொற்றைத் தாங்குவதற்கு இம்மாற்றமே அடிப்படை என்று 2014-இல் விளக்கப்பட்டபோது, டிலூசியோவின் பழைய முடிவுக்கு ஒரு காரணம் கிடைத்தது. எண்டோடாக்சினால் செயலிழந்த மோனோசைட்டுகளைக் குளூக்கான் மீட்டெடுக்கக்கூடும் என்பதும் 2016-இல் ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டது.

இம்முடிவுகள் பலவும் தூய்மைப்படுத்திய பொருளை ஊசிவழி செலுத்தியோ, அணுக்களோடு நேரடியாகக் கலந்தோ பெறப்பட்டவை. பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல் ஆய்வில் பயன்பட்ட குளூக்கானும் காளானிலிருந்து வந்ததன்று, கேண்டிடா என்ற நோய்ப்பூஞ்சையிலிருந்து வந்தது. ஆகவே காளான் சத்து தூண்டும் அணுக்களும் அவற்றின் ஏற்பியும் ஐயமற நிறுவப்பட்டுவிட்டன என்றாலும், கடைகளில் விற்கும் காளான் பொடியும் மாத்திரையும் மனிதருக்குப் பாக்டீரியாத் தொற்றைத் தடுக்கும் என்று கூறுவதற்கு இவ்வரலாறு சான்றாகாது. தொற்று கண்ட நோயாளிக்கு அவை மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மருந்துக்கு மாற்றும் ஆகா.