பதிவேட்டில் பெயர் இருக்கு, வகுப்பில் பிள்ளை இல்லை: அரசுப் பள்ளிகளில் யார், எப்போது, ஏன் வருவதில்லை?

2023 மார்ச் 13 ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், மொழிப்பாடம். பட்டியலில் பெயர் இருந்தும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அன்று தேர்வறைக்கு வரவில்லை. ஒரே நாளில் இத்தனை பேரா என்று பலரும் அதிர்ந்தார்கள். ஆனால் அவர்களில் பலர் அன்று காலை திடீரென்று காணாமல் போனவர்கள் இல்லை. கொரோனா காலத்தில் ‘ஆல் பாஸ்’ ஆகி மேல் வகுப்புக்கு வந்து, பிறகு பள்ளிப் பக்கமே வராமல் போனவர்களும் அதில் இருந்தார்கள். வகுப்பறையில் இல்லாத பிள்ளை பதிவேட்டில் மட்டும் இருந்திருக்கிறது. தேர்வு வந்ததும் அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

பள்ளிக் கல்வியில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கும் மாநிலம். இங்கேயே இப்படி என்றால் நாடு முழுக்க நிலவரம் என்ன? ‘கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள்’ என்று ஆண்டுதோறும் வரும் செய்தியை எப்படிப் படிப்பது?

சேர்க்கை 98, வருகை 76

கிராமப்புற இந்தியாவைப் பற்றிய ஆசர் 2024 அறிக்கையின்படி, 6 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 98.1 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள். சாதனைதான், மறுக்க முடியாது. ஆனால் அதே ஆய்வுக் குழுவினர் சாதாரண ஒரு வேலை நாளில் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு நேரில் போய்த் தலைகளை எண்ணியபோது, இருந்தவர்கள் 75.9 சதவீதம். 2018-ல் இது 72.4, 2022-ல் 73. கொஞ்சம் கூடியிருக்கிறது. அந்த உயர்வின் பெரும்பங்கு உத்தரப் பிரதேசத்தில் ஏற்பட்ட மாற்றத்தால் வந்தது.

அதாவது 40 பேர் இருக்க வேண்டிய வகுப்பில் 10 இடம் காலி. இங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பத்துப் பேர் தினமும் அதே பத்துப் பேரா, இல்லை ஆளாளுக்கு மாறி மாறி லீவ் போடுகிறார்களா? சராசரி எண் இதைச் சொல்லாது. அதே பத்துப் பேர் என்றால் அவர்கள் ஏற்கெனவே படிப்பை விட்டவர்கள், நம் கணக்குதான் இன்னும் விடவில்லை. மாறி மாறி வருகிறார்கள் என்றால் வகுப்பில் ஒருவருக்குக்கூட பாடம் கோர்வையாகப் போய்ச் சேராது. திங்கள் கழித்தல், செவ்வாய் கடன் வாங்கிக் கழித்தல் என்றால், திங்கள் வராத பிள்ளை செவ்வாய் வந்தும் பயனில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் படமும் மாறும். கேரளா, தமிழ்நாடு, கர்நாடகா பல ஆண்டுகளாகத் தேசிய சராசரிக்கு மேலே. பீகார், மத்தியப் பிரதேசம் கீழே.

பதிவேடு பொய் சொல்லுமா?

சொல்லும். 2023 தொடக்கத்தில் ஜன் ஜாகரண் சக்தி சங்கதன் என்ற அமைப்பு பீகாரின் அரரியா, கட்டிஹார் மாவட்டங்களில் 81 அரசுப் பள்ளிகளுக்கு நேரில் போனது. தொடக்கப் பள்ளிகளில் பெயர் பதிந்த பிள்ளைகளில் 23 சதவீதம் பேர்தான் இருந்தார்கள், நடுநிலைப் பள்ளிகளில் 20. பதிவேட்டிலோ வருகை ஏறத்தாழ இரண்டு மடங்காக எழுதப்பட்டிருந்தது.

இதை ஆசிரியர்களின் நேர்மைக் குறைவு என்று மட்டும் பார்த்துவிட வேண்டாம். மதிய உணவுக்கான சமையல் செலவு, இத்தனை தலைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. சீருடை, சைக்கிள், உதவித்தொகை வேண்டும் என்றால் பீகாரில் 75 சதவீத வருகை வேண்டும். வராத பிள்ளைக்கு உள்ளதை உள்ளபடி ‘ஆப்சென்ட்’ போட்டால் இழப்பு அந்த ஏழைக் குடும்பத்துக்கு. ஊரில் கெட்ட பெயர் வாத்தியாருக்கு. இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பதிவேடு மட்டும் உண்மை பேச வேண்டும் என்றால் எப்படி?

இன்னொரு பக்கமும் உண்டு. தனியார் பள்ளியிலோ ட்யூஷன் சென்டரிலோ படிக்கும் பிள்ளையின் பெயர், சலுகைக்காக அரசுப் பள்ளியிலும் இருக்கும். 2023-ல் பீகார் கல்வித் துறை, தொடர்ந்து 15 நாள் வராதவர்களின் பெயரை நீக்கச் சொல்லி உத்தரவு போட்டது. சில மாதங்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் போயின. போலிப் பெயர்கள் போனது சரி. கூடவே, அம்மா அப்பாவோடு வேலைக்காக வெளியூர் போயிருந்த பிள்ளையின் பெயரும் போகுமே? பெயரை வெட்டுவது பதிவேட்டைச் சுத்தமாக்கும். பிள்ளையைத் திரும்பக் கூட்டி வராது.

எந்த வகுப்பில் அதிகம்?

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் காரணம் பெரும்பாலும் காய்ச்சல், சளி, மழை, கொண்டுபோய் விட ஆள் இல்லாதது. மூன்று முதல் ஐந்து வரை ஓரளவு நிலையாக இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளை வீட்டுக்கு உதவும் வயதுக்கு வந்துவிடுகிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள, ஆடு மாடு பார்க்க, அறுவடைக்கு, அம்மாவுக்கு உடம்பு முடியாத அன்று சமைக்க. பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சேர்கிறது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான கட்டுரைப்படி, மாதவிடாய் நாட்களில் பள்ளிக்குப் போவதில்லை என்று சொன்ன மாணவிகள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். தண்ணீர் வராத கழிப்பறை, தாழ்ப்பாள் இல்லாத கதவு என்று காரணங்கள் சாதாரணமானவைதான்.

பெரிய பள்ளம் இருப்பது எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். பதினான்கு வயதில் ஒரு இந்தியப் பிள்ளைக்கு என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தின் பாதுகாப்பு அங்கே முடிகிறது. மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது (தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு). ஊரிலேயே இருந்த பள்ளி போய், பஸ் பிடித்துப் போக வேண்டிய பள்ளி வருகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் வந்த திருத்தப்படி, 14 முதல் 18 வயது வரை அபாயமற்ற வேலைகளில் சேர்க்கலாம். பள்ளியில் பிடித்து வைக்கும் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுகிற அதே வயதில் வேலைக்கான கதவு திறக்கிறது.

எண்களும் அப்படியே நடக்கின்றன. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 யுடைஸ் தரவுப்படி, நடுநிலைக் கட்டத்தில் இடைநிற்றல் 3.5 சதவீதம், உயர்நிலைக் கட்டத்தில் 8.2. ஆசர் 2023 ஆய்வில், எங்கேயும் படிக்காதவர்கள் 14 வயதில் 3.9 சதவீதம், 18 வயதில் 32.6. இந்த இடைநிற்றல் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் வாரம் ஒரு நாள், பிறகு மூன்று நாள், பிறகு பாடம் புரியாமல் போய், ‘இனி எதுக்கு போகணும்’ என்ற நாள் வரும். ஆப்சென்ட் என்பது முன்கூட்டியே அடிக்கும் மணி.

வருமானம் எங்கே வருகிறது?

கிராமங்களில் 6-14 வயதுப் பிள்ளைகளில் 66.8 சதவீதம் பேர் அரசுப் பள்ளியில் இருக்கிறார்கள் (ஆசர் 2024). இவர்களையெல்லாம் ‘ஏழைகள்’ என்று ஒரே கட்டில் கட்டினால் எதுவும் புரியாது. மாதச் சம்பளம் வரும் வீட்டுக்கும் தினக்கூலி வீட்டுக்கும் வித்தியாசம் பெரியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நீங்கள் ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ கேட்பீர்கள். தினக்கூலி அம்மா லீவ் எடுத்தால் அன்றைய கூலி போகும். அதனால் சின்னவனுக்குக் காய்ச்சல் என்றால் ஏழாவது படிக்கும் அக்கா வீட்டில் நிற்பாள். பதிவேட்டில் விழும் ஆப்சென்ட் அவள் பெயரில்தான். காய்ச்சல் அவளுக்கு இல்லை.

அதற்கும் கீழே, ஊரையே விட்டுப் போகும் குடும்பங்கள். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்திலிருந்து ஒவ்வொரு தீபாவளியை ஒட்டியும் கணவனும் மனைவியுமாக ஜோடி ஜோடியாகக் கரும்பு வெட்டக் கிளம்புகிறார்கள். திரும்புவது மார்ச், ஏப்ரலில். பிள்ளையை யாரிடம் விடுவது? தாத்தா பாட்டி இருந்தால் ஊரில், இல்லையென்றால் கரும்புக்காட்டு ஓரக் குடிசையில். ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து இதேபோல் செங்கல் சூளைகளுக்கு வருகிறார்கள். தெலங்கானா, ஆந்திரா மட்டுமல்ல, நம் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கும். அந்தப் பிள்ளை சொந்த ஊர்ப் பள்ளியில் ஆறு மாதம் ஆப்சென்ட். சூளை இருக்கும் ஊர்ப் பள்ளியிலோ பெயரே கிடையாது. மகாராஷ்டிரா அரசு இதற்காகவே பருவகால விடுதிகள் நடத்துகிறது; ஒடிசாவிலும் உண்டு.

வசதியானவர்கள் லீவ் போடுவதில்லையா? போடுகிறார்கள், அதற்குப் பெயர்தான் வேறு. ஜேஇஇ, நீட் கோச்சிங்குக்காக ‘டம்மி ஸ்கூலில்’ பெயரை மட்டும் பதிந்துவிட்டு இரண்டு வருஷம் வகுப்புக்கே போகாதவர்கள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கலாம். 2024 நவம்பரில் சிபிஎஸ்இ டெல்லி, ராஜஸ்தானில் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது இதற்காகத்தான். பள்ளிக்கு வராதது இரண்டு பேரும்தான். ஒருவர் ஐஐடிக்குப் போகலாம், இன்னொருவர் சூளைக்கு.

நம் விதிகள் யாரைத் தவறவிடுகின்றன?

முன் தகவல் இல்லாமல் 45 நாள் அல்லது அதற்கு மேல் வராத பிள்ளை ‘பள்ளி செல்லாப் பிள்ளை’ என்பது மத்திய அரசின் வரையறை. கர்நாடகாவில் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்த வழக்குக்குப் பிறகு, இது 60 நாளிலிருந்து 7 நாளாகக் குறைந்தது. நல்ல மாற்றம். ஆனால் எல்லாமே தொடர்ச்சியாக வராததைத்தான் பார்க்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் வந்து மூன்று நாள் வராத பிள்ளை எந்த வலையிலும் சிக்காது. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 220 வேலை நாட்கள். அவள் 88 நாள் வந்து, 132 நாள் வராமல் இருந்தும் ‘படித்துக்கொண்டிருப்பவள்’தான். அமெரிக்காவில் மொத்த நாட்களில் பத்தில் ஒரு பங்கைத் தவறவிட்டாலே, தொடர்ச்சியோ விட்டு விட்டோ, கவனிக்க வேண்டிய பிள்ளை என்று கணக்கு. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் 22 நாள். எமிஸ் போன்ற செயலிகளில் தினமும் வருகை ஏறுகிற மாநிலங்களில் இதைக் கணக்கிடுவது பெரிய வேலையே இல்லை.

எது வேலை செய்திருக்கிறது?

சாப்பாடு. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதுவரை பல மாநிலங்களில் மாதத்துக்கு இத்தனை கிலோ என்று தானியம்தான் கொடுத்துவந்தார்கள். பொருளாதார ஆய்வாளர் ஃபர்சானா அஃப்ரிதி மத்தியப் பிரதேசத்தில் ஆராய்ந்தபோது, சமைத்த உணவு வந்த பிறகு கீழ் வகுப்புப் பெண் பிள்ளைகளின் வருகை 10 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியிருந்தது. அரிசியை மாதம் ஒருமுறை வந்தும் வாங்கலாம். சோறு வேண்டும் என்றால் அன்றைக்கு வரணும். தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் முதலில் 1,545 பள்ளிகளில் தொடங்கியது. அவற்றில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியதாக மாநிலத் திட்டக் குழு கண்டது.

சைக்கிள். பீகார் 2006-ல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் தந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆய்வுப்படி, உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 சதவீதம் அதிகரித்தது. அதுவும் பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் அதிகம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருந்த அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் தூரத்தை அது நிரப்பியது.

வேலை செய்யாதது எச்சரிக்கை நோட்டீஸ்.

உங்கள் அபார்ட்மென்ட் பக்கத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தால், பகல் பதினோரு மணிக்கு அங்கே பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். கல்வி உரிமைச் சட்டம் அவர்களைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. டி.சி. தாமதம், வயதுச் சான்று இல்லை, சேர்க்கை முடிந்துவிட்டது என்ற எந்தக் காரணத்துக்காகவும் அரசுப் பள்ளி அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைப் பிடிக்கத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். மறுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ல் சொல்லலாம். தமிழ்நாட்டில் கல்விக்கென்றே 14417 இருக்கிறது. அந்தப் பெற்றோரில் பலருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது. மேஸ்திரியிடம் கேட்டால் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார்.