ரைபிளும் கைத்துப்பாக்கியும்: 1992 தீர்ப்பு

அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டு தேசியச் சுடுகலன் சட்ட வரைவில் முதலில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன, எதிர்ப்பால் நீக்கப்பட்டன. ரைபிளை அறுத்துக் குறுக்குவதற்கான கட்டுப்பாடு மட்டும் தங்கிவிட்டது. விந்தைதான்: கைத்துப்பாக்கியை விலைக்கு வாங்கலாம், ரைபிளிலிருந்து அனுமதியின்றிச் செய்தால் 10 ஆண்டு வரை சிறை. குழலுக்கு இன்றைய எல்லை 16 அங்குலம்.

தாம்சன் சென்டர் நிறுவனம் தன் கைத்துப்பாக்கிக்கு 21 அங்குலக் குழலும் தோள்கட்டையும் கொண்ட மாற்றுத் தொகுப்பை விற்றது. சிறு குழலோடும் தோள்கட்டையைப் பொருத்தலாமே என்றது அரசு. நிறுவனம் 200 டாலர் வரி கட்டி, அதைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தது. 1992இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என நிறுவனம் வென்றது. தண்டனைக்குரிய சட்டத்தில் பொருள் மயக்கம் இருந்தால் அதன் பயன் அரசுக்குப் போகாது என்பதே முதன்மைத் தீர்ப்பின் அடிப்படை.

கைத்துப்பாக்கியாகத் தயாரானது ரைபிளாகி, மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பலாம் என 2011இல் கண்காணிப்புத் துறையும் ஏற்றது. ரைபிளாகவே தயாரானதற்கு அந்தச் சலுகை இல்லை.