மறைந்துபோன ஊமைப் படங்கள்

கோவை நகரில் வெரைட்டி ஹால் ரோடு என்னும் தெருவினை அறியாதார் நம் சங்கத்தாருள் ஒருவரும் இரார். பொருள் வாங்கவும் விற்கவும் அவ்வழியே நாள்தோறும் நடக்கின்றோம். ஆயின் அப்பெயர்க்குரிய ஹால் யாது, அதனைக் கட்டினார் யாவர் என்று வினவுவோமாயின், விடை கூறுவார் மிகச் சிலரே. தெருவின் பெயர் நிற்க, பெயர்க்குரிய பொருள் மறைந்த இக்கதையே ஊமைப் படங்களின் கதையுமாகும். அதனைச் சிறிது விரித்துரைத்து, அதனால் நம் குடும்பங்கட்கு விளையும் கடமை ஒன்றனையும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

அம்மண்டபத்தை 1914 ஆம் ஆண்டில் எழுப்பியவர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார். இவர் 1883 இல் இக்கோவையிலேயே பிறந்தவர். நம் குலத்தாரல்லர், எனினும் நம் ஊரார். ஊரார் பெருமை ஊர்க்கெல்லாம் பொதுவாதலின் அதனை நாம் கூறுதல் தகும். இவர் திருச்சிராப்பள்ளியில் இரயில்வேயில் வரைவாளராய்ச் சிறுசம்பளத்தில் அமர்ந்திருந்தார். 1905 ஆம் ஆண்டில் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் படங்காட்டும் கருவியுடன் ஊர்தோறும் சென்று வருகையில், அவ்வூரில் நோயுற்று, தம் கருவியையும் படச்சுருள்களையும் விற்றுத் தாய்நாடு திரும்ப விரும்பினார். மாதம் இருபத்தைந்து ரூபாய் ஊதியம் பெற்ற இளைஞர், ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் தேடி அவற்றை வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்து ஊரூராய்ச் சென்றார். இயேசுநாதர் சரிதையைக் காட்டும் சுருளே அவர் முதற்பொருள். தென்னாட்டில் தொடங்கிய அப்பயணம் வடக்கே பெஷாவர் வரையும், கடல் கடந்து இரங்கூன் வரையும் நீண்டது. பின்னரே அவர் பிறந்த ஊரில் நிலையான கொட்டகை எழுந்தது. பிற்காலத்தில் அது டிலைட் என்னும் பெயர் பூண்டு நெடுங்காலம் நடைபெற்றது.

அக்காலத்துப் படங்கட்கு வாயில்லை. எனினும் கொட்டகையில் ஒலி நிறைந்திருந்தது. பகலில் மாட்டுவண்டி தமுக்கடித்து வீதிவலம் வரும். துண்டு விளம்பரங்கள் பறக்கும். இரவில் திரையருகே ஒருவர் நின்று, எழுத்தறியாத மக்கட்காகக் கதையைக் குரலெடுத்துச் சொல்லுவார். ஆர்மோனியமும் மிருதங்கமும் உடனொலிக்கும். சண்டை வருமிடத்தே கொட்டு முழங்கும். ஆகவே ஒரே படம் கோவையில் ஒருவாறும் மதுரையில் மற்றொருவாறும் கேட்கப்பட்டது. அச்சொல்வன்மையும் இசையும் எவ்விடத்தும் பதிவு பெறாமல் அவ்விரவோடே கழிந்தன.

தமிழ்நாட்டில் முதன்முதற் கதைப்படம் எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். மோட்டார் உதிரிப்பொருள் வாணிகம் செய்துவந்த இவர், புனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலப் படப்பிடிப்பாளரிடம் அத்தொழிலைக் கற்று, சென்னையில் இந்தியா பிலிம் கம்பெனியை நிறுவினார். பாரதக் கதையாகிய ‘கீசக வதம்’ அவர்தம் முதற்படம். அது வெளிவந்த ஆண்டினை 1916 என்பாரும், 1917 என்பாரும், 1918 என்பாரும் உளர். படம் இருந்திருப்பின் இவ்வையம் எழாது. அழிந்த பொருள் தன் பிறந்தநாளையும் உடன்கொண்டு போகின்றது. ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவ குசா’ முதலாக மேலும் சில படங்களை அவர் எடுத்தார். 1923 அளவில் நிலையம் தீக்கிரையாக, மகனையும் இழந்து, அத்தொழிலினின்றும் விலகினார். அவர் எடுத்தவற்றுள் ஓரடிச் சுருளும் இன்றில்லை.

அவர்க்குப் பின் ஏ. நாராயணன் 1929 இல் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிப் பல படங்களை விரைந்து எடுத்தார். திருவையாற்றிற் பிறந்த டி. பி. ராஜலக்ஷ்மி ஊமைப் படங்களில் நடித்துப் பழகியே, 1931 இல் வெளிவந்த முதற்றமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ நாயகியாயினார். 1933 இல் நம் வின்சென்ட் கல்கத்தாவில் எடுப்பித்த ‘வள்ளி திருமணம்’ பேசும்படத்திலும் அவரே வள்ளி. புதுக்கோட்டை நாகலிங்கம் என்பார், உடல்வலியாற் பெயர்பெற்ற சாண்டோவின் பெயரைத் தம் பெயராக்கி, ராஜா சாண்டோ என விளங்கினார். பம்பாய் சென்று அங்குள்ள ஊமைப் படங்களில் வீரநாயகராய் நடித்து, சுலோசனா என்னும் பெயர்பெற்ற நடிகையோடு இணைந்து தோன்றி, வடநாட்டார் நெஞ்சையும் கவர்ந்தார். பின்னர்த் தென்னாடு திரும்பிப் படங்களை இயக்கினார். ‘பேயும் பெண்ணும்’, ‘அநாதைப் பெண்’ என்பன அவ்வாறு வந்தவை. இவர் 1943 இல் உயிர் நீத்ததும் நம் கோவையிலேயே. இவர் பெயரால் தமிழக அரசு விருதொன்றும் ஏற்படுத்தியுள்ளது. விருதின் பெயரை அறிந்தோர் பலர். சென்னையில் அவர் இயக்கிய ஊமைப் படமொன்றனைக் கண்டோர் இன்றில்லை, காண விழைவார்க்குப் படமும் இல்லை.

தென்னாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட ஊமைப் படங்கள் எடுக்கப்பட்டன. இந்தியா முழுமையும் சற்றேறக்குறைய 1,300. அவற்றுள் முழுமையாகவோ சிதைந்தோ எஞ்சியவை முப்பது என்னும் அளவிற்குள் அடங்கும். இஃது ஏழைநாட்டுக் குறையென்று எண்ணற்க. செல்வம் மிக்க அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஏறக்குறைய 11,000 முழுநீள ஊமைப் படங்களுள் நூற்றுக்குப் பதினான்கே தம் பழைய வடிவில் எஞ்சியுள்ளன என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013 இல் வெளியிட்டது.

இவ்வழிவிற்குக் காரணம் என்னை? பல உள. அக்காலத்துச் சுருள் நைட்ரேட் என்னும் பொருளாலாயது, எளிதில் தீப்பற்றும், பற்றின் நீராலும் அவியாது. வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டில் பிசுபிசுத்துப் பொடியாகும். சுருளின்மேற் பூசிய பூச்சில் வெள்ளி உண்டாதலின், ஓடி ஓய்ந்த படத்தை உரிமையாளர் வெள்ளி எடுப்பார்க்கு விற்றனர். ஒரு படத்திற்குச் சில பிரதிகளே எடுத்து, அவற்றையே ஊர்தோறும் ஓட்டி, பல்லிற் சிக்கிக் கிழிந்தவிடத்தை வெட்டி ஒட்டி, தேய்ந்து அழியுங்காறும் காட்டினர். இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பேசும்படம் வந்தபின் ஊமைப் படம் ஒருவர்க்கும் வேண்டாத பொருளாயிற்று. அதனைக் காத்தல் வேண்டுமென்னும் எண்ணமே எவர்க்கும் எழவில்லை.

எஞ்சிய சில எங்ஙனம் எஞ்சின என்பதனை ஆராயின் வியப்பு மிகும். தென்னாட்டு ஊமைப் படங்களுள் இன்று காணக்கிடைப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. 1933 இல் நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் பொருளுதவியால், ‘வள்ளி திருமணம்’ இயக்கிய பி. வி. ராவ் அதனை இயக்கினார். கதை, 1891 இல் வெளிவந்த சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவல். நாவலின் பதிப்புரிமை பெற்ற கமலாலயா புத்தகக்கடையார், தம் இசைவின்றிப் படமெடுத்தனர் என்று வழக்கிட்டனர். படம் தடையுண்டது, சுருள்கள் கைப்பற்றப்பட்டுப் பூட்டப்பட்டன. பொருளிட்டவர்க்கு அது பேரிழப்பு. ஆயின் ஓடாமையின் தேயவில்லை. விற்கப்படாமையின் வெள்ளிக்கு உருகவில்லை. நாற்பதாண்டு கழிந்து 1974 இல் புனாவிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தார் அதனைப் பெற்றனர். மக்கள் விரும்பிக் கண்டவையெல்லாம் மாண்டன. காணவொண்ணாது பூட்டியதே பிழைத்தது.

கனடா நாட்டில் டாசன் என்னும் பனியூரில் வேண்டாமென்று 1929 இல் பழைய நீச்சற்குளத்திற் புதைத்த சுருள்கள், 1978 இல் நிலம் அகழ்வார்க்குக் கிடைத்தன. அவை ஐந்நூற்றுக்கு மேற்பட்டன. அங்கே உறைபனி பூட்டாயிற்று. ஆயினும் பூட்டு மட்டும் போதுமோவெனின், போதாது. பூட்டியதைத் திறப்பாரும் உரியகாலத்து வருதல் வேண்டும். அக்காப்பகம் 1964 இல் தோன்றியது. அதனை வளர்த்த பி. கே. நாயர் ஊரூராய் அலைந்து, நாசிக்கில் பால்கே மக்களிடம் கிடந்த சுருள்களை மீட்டார். பால்கே 1913 இல் எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் இன்று உள்ளன முதற்சுருளும் இறுதிச்சுருளுமே, இடையன இல்லை.

இது கேட்டபோது எனக்கு நம் கொங்குநாட்டு நூலொன்று நினைவிற்கு வந்தது. விசயமங்கலத்தைச் சார்ந்தவரென்று போற்றப்பெறும் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை, உ. வே. சாமிநாதையர் ஏட்டினின்றும் எடுத்து 1924 இல் அச்சிட்டார். அந்நூற்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை; இடையே உளது. பால்கே படத்திற்கு முதலும் முடிவும் உள, இடையில்லை. ஓலையாயினும் சுருளாயினும் காப்பாரின்றேல் ஒருவழிப்படவே அழியும். ஓலையைக் கறையான் தின்றது. எஞ்சியதை ஆடிப்பெருக்கில் ஆற்றிலிட்டோம். அன்று ஐயர் வீடுவீடாய்ச் சென்று பரண்களைத் துழாவாதிருப்பின், நாம் இன்று பெருமை பேசும் நூல்கள் பல வெறும் பெயராய் நின்றிருக்கும்.

அழிவின் காரணங்களுள் இன்னும் ஒன்றுளது. சங்கத்து ஏட்டில் அதனைக் கூறாது விடுதல் நேர்மையன்று. ஜே. சி. டேனியல் திருவனந்தபுரத்தில் எடுத்த ‘விகதகுமாரன்’ என்னும் ஊமைப் படத்தில் பி. கே. ரோசி என்னும் பெண்மணி நாயகியாய் நடித்தார். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த அவர் உயர்குலப் பெண்ணாக வேடமிட்டது கண்டு பொறாத சிலர் திரையின்மீது கல்லெறிந்தனர். பின்னர் அவர் குடிசைக்கும் தீயிட்டனர் என்பர். அவர் ஊரைவிட்டு ஓடித் தமிழ்நாட்டிற் பெயர் மறைந்து வாழ்ந்தார். படமும் போயிற்று, அவர்தம் முகமும் போயிற்று. தீயும் கறையானும் செய்யாததைச் சாதிச்செருக்குச் செய்தது. குலப்பெருமை பேசக் கூடும் நாம், குலப்பெருமையால் அழிந்தவற்றையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். நம் குடும்பங்களிலும் நாடகம் சினிமா என்று சென்றாரைக் கூத்தாடி என்று இகழ்ந்து, அவர்தம் நிழற்படத்தைச் சுவரினின்றும் இறக்கிய வீடுகள் இல்லையோ? நாணத்தால் ஒளித்ததும் காலத்தால் அழிந்ததும் பின்வருவார்க்கு ஒன்றே.

யானும் இக்குற்றத்தினின்றும் நீங்கினேனல்லேன். யாங்கள் அப்பாரு என்றழைக்கும் என் தந்தையின் தந்தையார், தம் இளமையில் ஊமைப் படங்களைக் கண்டவர். அக்காலத்து விளம்பரத் தாள்களையும் பாட்டுப் புத்தகங்களையும் தகரப்பெட்டியொன்றில் வைத்திருந்தார். அவர் காலமானபின் வீட்டை வெள்ளையடிக்கையில், அப்பெட்டியிலுள்ளவற்றைப் பழைய தாள் கடைக்கு மிதிவண்டியில் ஏற்றிச் சென்றவன் யானே. அப்போது எனக்குப் பதினைந்து வயது. எடைக்கு விலை சில ரூபாய். பின்னர்த் தமிழ் கற்று, ஏடு தேடிய பெரியோர் வரலாற்றை மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லுங் காலத்தே, ஒவ்வோராண்டும் அத்தகரப்பெட்டி என் கண்முன் வருகின்றது.

ஆதலின் அன்பர்காள்! சுருள்களைத் தேடித் தருமாறு நும்மை யான் வேண்டவில்லை. அவை கிடைத்தல் அரிது. சுருள் போனபின் அதன் நிழல் தாளிலேயே தங்கும். கொட்டகை விளம்பரம், நுழைவுச்சீட்டு, பாட்டுப் புத்தகம், கொட்டகைக்கு நிலம் விட்ட குத்தகைப் பத்திரம், வரவுசெலவுக் கணக்கு, நிழற்படம் என்னும் இவை நம் பரண்களில் இன்னும் இருத்தல் கூடும். வெள்ளையடிக்குமுன், வீடு பிரிக்குமுன், ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். நிழற்படத்தின் பின்புறத்தே உள்ளார் பெயரையும் ஆண்டையும் மென்மையாய்ப் பென்சிலால் எழுதுங்கள். முதியோர் சொல்வதனைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாள்களைப் பிரதியெடுத்து, ஒன்று வீட்டிலும் ஒன்று சங்கத்திலும் இருக்கச் செய்யுங்கள். நம் சங்கத்து இவ்வேட்டின் பழைய தொகுதிகளும் முற்றும் ஓரிடத்தில் உளவோ என்பதனையும் நிர்வாகத்தார் பார்த்தல் நலம்.

வெரைட்டி ஹால் ரோட்டில் இனிச் செல்லுங்கால், உடன்வரும் சிறுவர்க்கு அப்பெயரின் காரணத்தைச் சொல்லுங்கள். சாமிக்கண்ணு கூடாரத்தோடு நடந்த நெடுவழியில் நாம் காக்கக்கூடியதாய் எஞ்சியது அவ்வொரு பெயரும், நாம் சொல்லும் இக்கதையுமே.