ஓவியத்தின் வேர் ஓய்வு அன்று

ஓவியக் கண்காட்சிகளைத் திறந்து வைப்போர் பலரிடம் ஒரு சொல்விளக்கம் கைவசம் இருக்கிறது. ஓவு என்றால் நீங்கு, ஓய். அசைவு ஓய்ந்து நிற்பதால் அது ஓவியம் ஆயிற்று என்பார்கள். கேட்கச் சுவையாக இருப்பதால் கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. அந்தச் சுவையைத் தவிர வேறு சான்று அதற்கு இல்லை.

ஓவு என்ற வினைக்கு ஒழிதல் என்னும் பொருள் உண்டு. தேவாரத்தில் ‘ஓவாது’ என்றால் இடைவிடாமல் என்றே பொருள். இதில் தகராறு இல்லை. மணிமேகலையில் எட்டிகுமரன் வட்டிகைக் கோலால் வரைந்த பாவைபோல் செயலற்று இருந்த காட்சியை அசைவின்மைக் கட்சியினர் துணைக்கு அழைப்பதும் உண்டு. ஆனால் அங்கே உவமையாவது பாவை. வரைந்த உரு அசையாது என்பது அதன் இயல்பு; அந்த இயல்பிலிருந்துதான் பெயர் வந்தது என்று யார் சொன்னது?

ஓவம் என்ற பழைய வடிவம் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தாலே போதும். பதிற்றுப்பத்தின் 61ஆம் பாட்டில் கபிலர் அதை வீட்டுக்கு உவமையாக்குகிறார். அகநானூறு 98இலும் வீடு. புறநானூறு 251இலும் மனை. வீடு என்றைக்கு அசைந்தது, ஓய்ந்து நிற்பதற்கு? அசையாத பொருளுக்கு அசையாமையை உவமையாகச் சொல்லும் அளவுக்குச் சங்கப் புலவர்கள் சொல் வறுமையில் வாடவில்லை. அவர்கள் கண்டது வேலைப்பாட்டை.

அப்படியானால் வேர் எது? ‘ஒ’ என்னும் அடி. ஒத்தல், ஒப்பு, ஒக்கும், ஒவ்வும், ஒவ்வாது எல்லாம் அதன் கிளைகள். படு பாடு ஆகிறது, கெடு கேடு ஆகிறது, பெறு பேறு ஆகிறது. அதே நீட்சியில் ஒவ்வு ஓவு ஆகி, ஓவமாகி, ஓவியமாக வளர்ந்தது. ஒன்றை ஒத்திருப்பது ஓவியம்.

இதற்கு நேரான சான்று மதுரைக்காஞ்சியில் இருக்கிறது. மதுரைக் கடைத்தெருவில் திரளும் தொழிலாளர்களை அடுக்கிச் சொல்லும் மாங்குடி மருதனார் ‘கண்ணுள் வினைஞர்’ என்று ஒரு கூட்டத்தைக் குறிக்கிறார். காண்போரின் கண்ணுக்குள் தம் தொழிலைக் கொண்டு நிறுத்துவோர் என்பது நச்சினார்க்கினியர் கண்ட கருத்து. அழகான உரை. ஆனால் அதற்குச் சற்று முன்னதாக மருதனாரே அவர்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறார்: எவ்வகைச் செய்கையையும் உவமம் காட்டுகிறவர்கள் அவர்கள். உவமம் வடசொல் என்று ஒருவர் குறுக்கிடலாம். இருக்கட்டும். இங்கே எடுத்துக்கொள்வது அந்தச் சொல்லின் பிறப்பை அன்று, பொருளை. ஓவியன் செய்வது ஒப்பு என்று அந்தக் காலத்துப் புலவரே சொன்ன பிறகு ஓய்வுக்கு அங்கே என்ன வேலை?

பரிபாடலின் 19ஆம் பாட்டும் இதே பக்கம் பேசுகிறது. திருப்பரங்குன்றத்து ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள் இவன் யார், இவள் யார் என்று கேட்கிறார்கள். காமன், இரதி, பூனை வடிவில் இந்திரன், அகலிகை, கவுதமன் என்று உடன் வந்தவர்கள் சுட்டிச் சொல்கிறார்கள். உருவை ஆளோடு பொருத்திப் பார்ப்பதுதான் அங்கே நடக்கிறது.

இன்னும் வலுவான சான்று ‘புனையா ஓவியம்’. கணவன் பாசறையில் இருக்க, நெடுநல்வாடையில் கட்டிலில் கிடக்கிறாள் பாண்டிமாதேவி. பொன்வளை கிடந்து தழும்பிட்ட கையில் இப்போது வலம்புரிச் சங்கு வளை. உடுத்த துணியிலும் மாசு ஏறியிருக்கிறது. அணியெல்லாம் களைந்த அவளை நக்கீரர் புனையா ஓவியம் என்கிறார். அதாவது வண்ணம் தீட்டாமல் கோட்டால் மட்டும் வரைந்த உருவம். மணிமேகலையிலும் இத்தொடர் வருகிறது. இன்று கோட்டோவியம் என்று புதிதாகச் சொல் படைத்து மகிழ்கிறவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம்.

இங்கேதான் சித்திரமும் ஓவியமும் பிரிகின்றன. வடமொழியில் ‘சித்ர’ என்பது ஒளிர்வதையும் பல நிறம் கொண்டதையும் குறிக்கும். நிறத்திலிருந்து பிறந்த பெயர் அது. ஓவியமோ நிறத்தை உரித்த பின்னும் ஓவியமாகவே நிற்கிறது. வண்ணம் போனாலும் ஒப்பு போகவில்லை. அதனால்தான் புனையா என்ற அடை அதன்முன் பொருந்துகிறது.

அரசர்களுக்குச் சித்திரம் பிடித்திருந்தது. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று ஒரு பாண்டியன் புறநானூற்றில் அறியப்படுகிறான். 7ஆம் நூற்றாண்டின் மகேந்திரவர்மன் பூண்ட பட்டங்களில் ஒன்று சித்திரகாரப்புலி. வடசொல்லோடு தமிழ்ப்புலி சேர்ந்த அந்தப் பட்டத்தைப் பல்லாவரம் குடைவரையில் இன்றும் படிக்கலாம்.

தொழில் செய்தவர்களுக்கோ ‘ஓவமாக்கள்’ என்றே பெயர். நற்றிணை 118இல் பாலை பாடிய பெருங்கடுங்கோ அவர்கள் கைக்கருவியையே நம் முன் நீட்டுகிறார். சிவந்த அரக்குக் குழம்பில் தோய்த்தெடுத்த துகிலிகை. அதன் நுனி மயிரும் பாதிரிப் பூவின் தலையில் உள்ள துய்யும் ஒன்றுபோல் இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். துகிலிகையை வடமொழித் தூலிகையோடு சேர்ப்பவர்கள் உண்டு. இன்று வழங்கும் தூரிகையும் அந்தக் குடும்பத்ததுதான். வட்டிகை ஐயமில்லாமல் வர்த்திகையின் பாகத வடிவம். கோல் வடக்கிலிருந்து வந்திருக்கலாம். அதனால் கோல் தீட்டிய உருவின் பெயரும் அங்கிருந்து வந்தது என்றாகாது.

கடைசியாக ஒரு கட்சி மிச்சமிருக்கிறது. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஓவியர் குடியினன். ஆகவே அவன் முன்னோர் ஓவியம் தீட்டியவர்கள், கலையின் பெயரும் அந்தக் குடியிலிருந்தே வந்தது என்பது அவர்கள் வாதம். பாட்டில் அதற்கு இடமே இல்லை. அதைப் பாடிய நத்தத்தனார் அந்தக் குடிக்குத் தருவது புலியின் வலிமையை. கோலையோ வண்ணத்தையோ அன்று. புறநானூறு 176இன் அடிக்குறிப்பு அவனை ஓய்மான் என்றே குறிக்கிறது. நல்லியாதன், வில்லியாதன் என்ற மற்ற இருவரும் ஓய்மான்களே. அவர்கள் ஆண்ட நிலம் ஓய்மாநாடு. அந்நாட்டின் கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்தில் அடங்கிவிட்டது. சோழர் கல்வெட்டுகளிலும் அந்த நாட்டின் பெயர் ஓய் என்றுதான் தொடங்குகிறது. ஓய்ந்து நிற்பதைத் தேடுகிறவர்கள் வேண்டுமானால் அந்தக் குடிப்பெயரில் தேடிக்கொள்ளட்டும்.

ஓவம் வேறு, ஓய்மான் வேறு. வீட்டுக்கு உவமையான ஓவம், வண்ணமில்லாமலும் நிலைத்த புனையா ஓவியம், மதுரைத் தெருவில் உவமம் காட்டிய வினைஞர் ஆகிய மூன்றுக்கும் ஒருசேரப் பொருந்தும் வேர் ‘ஒ’ ஒன்றுதான். இன்னொரு வேர் சொல்ல வருகிறவர்கள் இந்த மூன்று இடங்களுக்கும் முதலில் விடை சொல்லிவிட்டு வரட்டும்.