வெள்ளைக் குதிரை போன வழி

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர்ப் பக்கம் கல் என்றால் சரக்கு. மலையில் அறுத்த கிரானைட் லாரியேறித் துறைமுகம் போகும். கடல் தாண்டி யார் வீட்டுக்கோ தரையாகும். பக்கத்து மல்லப்பாடியில் ஒரு பாறை மட்டும் இடம்விட்டு நகரவில்லை. அதில் வரைந்த குதிரைதான் வெகுதூரம் போய்விட்டது.

குதிரையேறிய இருவர் ஈட்டியோடு மோதுகிறார்கள். முகம் இல்லை, நிழல் இல்லை, முழுக்க வெள்ளை. 1970களின் கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.வி. ராமன் இதைக் கண்டு சொன்னார். தமிழ்நாட்டுப் பாறை ஓவியங்களின் கதையை ஆய்வாளர்கள் இங்கிருந்தே தொடங்குவார்கள்.

இதே வெள்ளையை அதே மாவட்டத்து மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளிலும் பார்க்கலாம். பலகைக் கற்களை நட்டு, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் அவை. ஊர்க்காரர்கள் இப்படிப்பட்டவற்றைப் பாண்டவர் வீடு என்பார்கள். ஓவியம் இருப்பது உட்புறத்தில். செத்தவர் வீட்டுக்குள் யார் பார்க்க வரைந்தது?

இதற்கு நேர்மாறான ஓவியம் ஒன்று உண்டு. 1819 வாக்கில் லண்டனில் ஓவியர் வில்லியம் பிளேக், தெள்ளுப்பூச்சியின் ஆவி தன் முன் வந்து நின்றதாகச் சொல்லி அதை வரைந்தார். அந்தச் சிறிய பலகை இன்று டேட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அவர் ஆவியைப் பார்த்து மனிதருக்காக வரைந்தார். கல்திட்டைக்காரர் ஆவி பார்ப்பதற்காகவே வரைந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு குதிரை நடுகல்லில் ஏறியது. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்டவர்களுக்கு நட்ட கற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஏராளம். சிலவற்றில் வீரன் குதிரைமேல் இருக்கிறான். இங்கே வண்ணம் போய் உளி வந்தது. பல கற்களில் எழுத்தும் சேர்ந்தது. காலப்போக்கில் எழுத்தைப் படிப்பவர் இல்லாமல் போக, மாண்டவன் வேடியப்பன் என்ற சாமி ஆனான். சாமி வெள்ளைக் குதிரையேறி இரவில் ஊரெல்லை சுற்றும் என்ற பேச்சு தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் ஓயவில்லை.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் நிற்கின்றன. அங்கே அவற்றைப் பார்க்க ஆள் வருகிறது. வயல்வரப்பில் நிற்கும் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொங்கல் வைக்கிறார்கள். வரப்பிலோ ஆளைப் பார்ப்பது கல்.