டென்மார்க்கின் நில உயரக் கணக்கு பொதுச்சொத்தான கதை



சில வருடங்களுக்கு முன் இங்கே வைலேயில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி வீடு வாங்கப் புறப்பட்டார். ஆற்றோரம், நகரத்துக்குக் கிட்ட, விலையும் பரவாயில்லை. "அண்ணை, வங்கிக் கடன் கணக்கை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்று கடதாசிகளைக் கொண்டுவந்து தந்தார். கணக்காளன் என்பதால் இப்படியான வேலைகள் எனக்கு அடிக்கடி வரும். வட்டி, தவணை, வரி எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் நான் கேட்டேன்: "தம்பி, இந்தக் காணி கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரம்?" அவர் சிரித்தார். கணனியில் அரசாங்க வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். ஒன்றரை மீற்றர்கூட இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

ஐந்து நிமிடத்தில், ஒரு சதமும் செலவில்லாமல் அந்த இலக்கம் கிடைத்தது. முன்பெல்லாம் இது இவ்வளவு இலகுவாக இருக்கவில்லை.

டென்மார்க்கின் நிலத்தை ஒழுங்காக அளந்து உயரத்தோடு வரைந்தவர்கள் இராணுவத்தினர். 1842 இல் இருந்து, 20,000இல் ஒரு பங்கு அளவில், ஐந்து அடிக்கு ஒரு சமவுயரக் கோடு போட்டு வரைந்தார்கள். அந்தத் தாள்கள் இன்றும் பார்க்க அழகானவை. ஆனால் ஐந்து அடி என்பது ஏறக்குறைய ஒன்றரை மீற்றர். இரண்டு கோடுகளுக்கு இடையில் ஒரு வீடு முழுவதுமாக மூழ்கிப் போகலாம்.

2005 முதல் 2007 வரை விமானத்தில் லேசர் கருவியை வைத்து நாடு முழுவதும் பறந்து அளந்தார்கள். லேசர் ஒளி தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரம் கணிக்கப்படுகிறது. 1.6 மீற்றருக்கு ஒரு புள்ளி. அருமையான தரவு! ஆனால் விலைப்பட்டியலும் அனுமதிப்பத்திரமும் அதன் கூடவே வந்தன. நகரசபை ஒன்றுக்குத் தேவையென்றால் காசு கட்ட வேண்டும். கணக்காளனாக இதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒரு அரச அலுவலகத்தின் வருமானம் இன்னொரு அரச அலுவலகத்தின் செலவு. இடது சட்டைப்பையில் இருந்து வலது சட்டைப்பைக்கு மாற்றுவதற்கு இரண்டு இடத்திலும் சம்பளம் கொடுத்து ஆட்கள். இரண்டு பைகளையும் நிரப்புவது எங்களுடைய வரிப்பணம்.

இதற்கு மாற்றுவழி ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருந்தது. 2002 இல் நாட்டின் முகவரிப் பதிவேட்டை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பின்னர் கணக்குப் பார்த்தபோது, 2005 முதல் 2009 வரை சமூகத்துக்குக் கிடைத்த நேரடி நன்மை 6 கோடி 20 இலட்சம் யூரோ, செலவு சுமார் 20 இலட்சம் யூரோ என்று வந்தது. எந்த வியாபாரி இந்த இலாபத்தை வேண்டாம் என்பான்?

பிறகு 2011 யூலை 2 ஆம் திகதி வந்தது. கொப்பன்கேகனில் இரண்டு மணித்தியாலத்தில் கொட்டிய மழையில் நிலவறைகளும் வீதிகளும் நிரம்பின. காப்புறுதிக் கணக்கு மட்டும் சுமார் 600 கோடி குறோணர். நீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்ற கேள்வி எல்லோர் வாயிலும் வந்தது.

2012 ஒக்டோபரில் அரசாங்கமும் நகரசபைகளின் சங்கமும் பிராந்தியங்களும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தன. அதன்படி 2013 சனவரி 1 முதல் வரைபடங்கள், நில உயரத் தரவு, காணிப் பதிவு, கம்பனிப் பதிவு எல்லாம் இலவசமாயின. 2020 அளவில் வருடத்துக்கு 80 கோடி குறோணர் நன்மை வரும், அதில் 50 கோடி தனியார் துறைக்கு என்று எதிர்பார்த்தார்கள். எதிர்பார்ப்பு என்பது வரவுசெலவுத் திட்டம் போன்றது, கணக்கறிக்கை அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இடையில் ஒரு வேடிக்கை. 2014 ஏப்பிரலில் அரச வரைபட அலுவலகத்தினர் அந்தத் தரவைக் கொண்டு மைன்கிராஃப்ட் என்ற கணனி விளையாட்டுக்குள் முழு டென்மார்க்கையும் உண்மையான அளவில் கட்டினார்கள். சில வாரங்களில் குறும்புக்காரர்கள் உள்ளே புகுந்து ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்து அமெரிக்கக் கொடியை நாட்டிவிட்டார்கள்! லெகோ பிறந்த பிலுண்ட் எங்களுக்குப் பக்கத்து ஊர். கட்டைகளால் நாட்டைக் கட்டுவது இவர்களுக்குப் புதிதல்ல.

2014, 2015 இல் மீண்டும் பறந்து அளந்து 0.4 மீற்றருக்கு ஒரு புள்ளி என்று புதுப்பித்தார்கள். ஆனால் தரவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. அத்தனை கோடி புள்ளிகளைச் சாதாரண கணனியின் நினைவகத்தில் போட முடியாது. ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லார்ஸ் ஆர்கே 2007 இல் தொடங்கிய ஆய்வு மையம், நினைவகத்துக்குள் அடங்காத தரவை எப்படிக் கணிப்பது என்பதையே ஆராய்ந்தது. அதிலிருந்து பிறந்த ஸ்கால்கோ நிறுவனம், ஒரு பள்ளம் எத்தனை மில்லிமீற்றர் மழைக்கு நிரம்பும் என்று திரையில் காட்டும் சேவையை உருவாக்கியது. ஆர்கே 2020 இல் காலமானார்.

ஒரு சிக்கலும் உண்டு. லேசருக்கு வீதியின் மேற்பகுதி மட்டும் தெரியும், அடியில் இருக்கும் மதகு தெரியாது. எனவே கணனி வீதியை அணைக்கட்டு என்று நினைத்துவிடும். மதகுகளையும் பாலத்தின் கீழ் வழிகளையும் தனியாகச் சேர்த்தால்தான் நீர் சரியான பக்கம் ஓடும். ஊரில் வயலுக்கு நீர் பாய்ச்சியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வைலேக்கு இது ஏன் முக்கியம்? மூன்று பக்கமும் மலைச்சரிவு, நடுவில் பள்ளத்தாக்கு, கிழக்கே கடற்குடா. சரிவிலிருந்து மழைநீரும் வைலே ஆறும் கிரைஸ் ஆறும் ஒரு பக்கம், கீழைக்காற்று தள்ளும் கடல் மறுபக்கம். 2013 இல் றொக்பெல்லர் நிதியத்தின் நூறு நகரங்கள் திட்டத்துக்கு வைலே தெரிவானதற்கு இந்த நீர்ப் பிரச்சினையும் ஒரு காரணம்.

எங்கள் பக்கத்து நாடுகளில் நிலைமை வேறு. இந்தியாவில் 1802 இலேயே சென்னையில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் நில அளவையைத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் வரைபடத் தரவுக்கான முன் அனுமதிகள் 2021 பெப்ரவரியில்தான் பெருமளவில் நீக்கப்பட்டன.

2023 ஒக்டோபர் 20 இரவு டென்மார்க்கின் கிழக்குக் கரையைக் கடல் தாக்கியது. தென் யூலன்ட்டில் நீர் இரண்டு மீற்றருக்கு மேல் ஏறியது. அன்றிரவு அந்தத் தம்பி தொலைபேசி எடுத்தார். அவர் இப்போது மலைச்சரிவில் குடியிருக்கிறார், சைக்கிள் மிதிக்கக் கால் வலிக்கிறது என்று குறைசொல்பவர். அன்று அதைச் சொல்லவில்லை. ஆற்றோர வீட்டை யாரோ ஒரு இளம் குடும்பம் வாங்கியிருக்கிறதாம், அவர்களும் உயரத்தைப் பார்த்தார்களோ தெரியாது என்றார்.