கை விட்டுச்சா, தண்ணி பறிச்சுச்சா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்ததை நம்ம அரியாங்குப்பம் கொம்யூன் கடலோர ஊர்களில் யாரும் மறக்கல. எத்தனை படகு போச்சு, எத்தனை வீடு கட்டிக் கொடுத்தாங்க என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. மனசுக்கு என்ன ஆச்சு, அது எப்படித் தேறுச்சு என்பதை எழுதி வைத்தவர்கள் குறைவு.

நல்லவாட்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம் இருந்தது. அன்று காலை சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் பண்ணி, உடனே வெளியேறச் சொன்னார். மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள். வீடும் வலையும் போனது போனதுதான். ஆனாலும் அந்த ஊர்க் கதையில் "கடல் வந்துச்சு" என்பதோடு "நாங்க ஓடுனோம், மத்தவங்களையும் கூப்பிட்டோம்" என்பதும் சேர்ந்தே வரும்.

எல்லாருக்கும் அப்படிக் கதை அமையல. புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் அதிக உயிர்கள் போனது காரைக்காலில். கரை நெடுக, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் பலர் "நான்தான் கையை விட்டுட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். புருஷனை இழந்தவளுக்கு "ராசியில்லாதவ" என்ற பட்டம் வேற. ஒப்பாரியில் எமனைத் திட்டலாம், விதியைத் திட்டலாம். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சா அதுவும் நின்னுடும். பழி மட்டும் அவ தலையிலேயே நிக்கும்.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட், நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டன் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொல்லி 1990-ல் புத்தகம் எழுதினார்கள். ஆளையும் அவர் பிரச்சனையையும் பிரித்துப் பார்க்கணும் என்பது அதன் அடிப்படை. "ஏன் விட்டே?" என்று கேட்காமல், "தண்ணி எவ்வளவு வேகமா வந்துச்சு? எது வரைக்கும் பிடிச்சிருந்தீங்க?" என்று கேட்டால், கை விட்டதல்ல, தண்ணி பறிச்சது என்பது அவர் வாயிலிருந்தே வரும். இது பொய்யான ஆறுதல் இல்லை. நடந்ததில் விட்டுப்போன பாதியைச் சேர்த்துச் சொல்வது.

இதற்கெல்லாம் பெரிய டாக்டர்தான் வேணும் என்றும் இல்லை. சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் ஊர்மட்டப் பணியாளர்களுக்கே மனநல ஆதரவுப் பயிற்சி கொடுத்தது. சென்னையில் 1986-ல் தொடங்கிய சிநேகாவின் தொண்டர்கள், உறவை இழந்தவர்களின் வீடு தேடிப் போய் உட்கார்ந்து கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களின் மனச்சோர்வு குறைந்ததாக அவர்களின் ஆய்வு சொல்கிறது. நம்ம குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிஞ்ச பிறகு ஒருத்தி பேசுவா, பத்துப் பேர் கேப்போமே, அதுவும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. சாவு விழுந்த வீட்டில் அடுத்த நாளே போய் "என்னாச்சு, சொல்லு சொல்லு"ன்னு தோண்டக் கூடாது. ஒரே தடவை உட்கார வைத்து எல்லாத்தையும் கொட்டச் சொல்லும் முறை வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அவங்களா வாய் திறக்கிற நாள் வரைக்கும் சோறு கொண்டுபோய் வைங்க, பிள்ளைங்களைப் பாத்துக்கங்க. தூக்கமே இல்லாமல் இருந்தாலோ, சாகணும்னு பேசினாலோ காத்திருக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க, இல்லன்னா 14416-க்குப் போன் போடுங்க. காசு கிடையாது, தமிழிலேயே பேசுவாங்க.